வீட்டுக்கு வீடு லட்சுமியைத் தந்த ரவிவர்மா

தைப்பூசத்தன்று வடலூரில் கால் வைக்க இடம் இராது. கடலூர்ச் சாலை, பண்ருட்டிச் சாலை, விருத்தாசலம் சாலை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜனத்திரள்தான். நெய்வேலியிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சத்திய ஞான சபையில் ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரியும் அந்தக் கணத்துக்காக, கைக்குழந்தையோடு கட்டாந்தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

தரிசனம் முடிந்ததும் கூட்டம் கடைப் பக்கம் திரும்புகிறது. பொரிகடலை, வளையல், பலூன். அவற்றுக்கு நடுவே படக் கடை. தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணி போர்த்தி, கை கட்டி நிற்கும் வள்ளலார் படம் அங்கே முதலிடத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் செந்தாமரையில் நிற்கும் லட்சுமி. வீணை ஏந்திய சரஸ்வதி.

யார் கொடுத்த முகம்?

வள்ளலாரின் போட்டோ என்று ஒன்று கிடையாது. அவரைப் படம் பிடிக்க முயன்றபோது உடுத்திய துணி மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்று அன்பர்கள் சொல்வார்கள். பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண் பொம்மை செய்து கொண்டுவந்து கொடுக்க, பொன்னுடம்பை மண்ணுடம்பு ஆக்கினார்களே என்று வருந்தி அவர் அதை உடைத்துவிட்டதாகவும் ஒரு வரலாறு உண்டு. ஆகவே இன்று வீடுகளில் இருக்கும் வள்ளலார் படம் எல்லாம் சித்திரக்காரர்களின் கைவண்ணம்.

வள்ளலாரையாவது நேரில் பார்த்தவர்கள் இருந்தார்கள். லட்சுமியை யார் பார்த்தார்கள்? சரஸ்வதியை யார் பார்த்தார்கள்? ஆனாலும் படத்தைக் காட்டினால் மூன்று வயதுக் குழந்தை கூட இது லட்சுமி, இது சரஸ்வதி என்று சொல்லிவிடுகிறது. அந்த முகத்தை, அந்தச் சேலைக் கட்டை, அந்த நிற்கும் அழகை நாடு முழுவதற்கும் பழக்கிக் கொடுத்தவர் ஒரு மனிதர்.

அவர்தான் ராஜா ரவிவர்மா.

வடலூரில் சத்திய ஞான சபை திறக்கப்பட்டது 1872-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி. அப்போது ரவிவர்மா திருவனந்தபுரத்தில் இருபத்து மூன்று வயது வாலிபர். வெளியூரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டே அவருடைய படம் ஒன்று சென்னைப் பட்டணத்துக்கு வந்து எல்லாரையும் அசத்திவிட்டது. ஆனால் அந்த இடத்துக்கு வர அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் அவருடைய கதையில் பெரிய பகுதி.

சுவரில் கரிக்கோடு

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிளிமானூர் என்று ஓர் ஊர். இன்று கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே உள்ள அரண்மனையில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி ரவிவர்மா பிறந்தார். தகப்பனார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு, சமஸ்கிருத பண்டிதர். தாயார் உமாம்பா தம்புராட்டி, மலையாளத்தில் பாட்டு எழுதிய கவியரசி. தம்பி ராஜராஜ வர்மாவும், தங்கை மங்களா பாயும் பிற்காலத்தில் சித்திரக்காரர்கள் ஆனார்கள். குடும்பம் முழுவதும் கலை ரத்தம்.

கிளிமானூர்க் குடும்பத்துக்கும் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துக்கும் பல தலைமுறையாகச் சம்பந்தம் உண்டு. ஆனாலும் ரவிவர்மா நாடாண்ட மன்னர் அல்ல. ராஜா என்ற பெயரைப் பார்த்துப் பலர் அப்படி நினைத்துவிடுகிறார்கள்.

சிறுவனாக இருந்தபோது அவன் கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், வெள்ளைச் சுவர் வீணாகிவிடும். யானை, மாடு, பறவை, வீட்டு வேலைக்காரர்கள் என்று கண்டதை எல்லாம் கிறுக்குவான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்கள் சபித்தார்கள். ஆனால் ஒருவர் மட்டும் அந்தக் கோடுகளைக் கூர்ந்து பார்த்தார். அவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. அவரே ஒரு சித்திரக்காரர்.

மாமா பாதியில் விட்டுப்போன படம் ஒன்றில், மருமகன் யாருக்கும் தெரியாமல் ஒரு பறவையை வரைந்து முடித்துவிட்டானாம். திரும்பி வந்த மாமா கோபிக்கவில்லை; அன்றே பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படி இருந்தாலும், மாமாதான் முதல் குரு என்பது நிச்சயம்.

அந்த மாமா வரைந்தது தஞ்சாவூர்ப் பாணி. அந்தப் பாணி கிளிமானூருக்கு எப்படிப் போயிற்று? சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அழகிரி நாயுடு என்ற சித்திரக்காரர் மதுரையிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். அவரிடம் மாமா கற்றுக்கொண்டார். ஆகவே ரவிவர்மாவின் முதல் பாடத்தில் தமிழ்நாட்டு மண்ணின் மணம் இருந்தது.

இரண்டு வழிகள்

தஞ்சாவூர்ப் படம் என்பது என்ன? குழந்தைகள் கோவிலிலோ பழைய வீடுகளிலோ பார்த்திருக்கலாம். பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணத்தைக் குழைத்து மேடு கட்டி, அதன் மேல் தங்க ரேக்கு பதித்து, கல் இழைத்துச் செய்வார்கள். நடுவில் பெரிதாகக் கிருஷ்ணன் இருப்பான். மற்றவர்கள் எல்லாரும் சின்ன உருவம். யார் பெரியவரோ அவர் பெரிதாக இருப்பார். நிழல் இராது, பின்னால் மலை, வானம் என்று தூரம் போகாது. விளக்கு ஏற்றி வைத்தால் படமே ஜொலிக்கும். கும்பிடுவதற்கென்றே ஏற்பட்ட சித்திரம் அது.

ஐரோப்பியர் வழி வேறு. அங்கே வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும். கன்னத்தின் ஒரு பாதி வெளிச்சமாகவும், மறு பாதி மங்கலாகவும் இருக்கும். பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும். பட்டு பட்டாகவே இருக்கும், முத்து முத்தாகவே இருக்கும். அதற்கு அவர்கள் உபயோகித்தது எண்ணெய்ச் சாயம். வர்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் செய்வது அது. தண்ணீர்ச் சாயம் சீக்கிரம் காய்ந்துவிடும். தப்பு வந்தால் திருத்துவது கஷ்டம். எண்ணெய்ச் சாயம் காய நாள் கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு வர்ணத்தை இன்னொன்றோடு மெல்ல இழையவிடலாம். மனிதத் தோலின் நிறம் அப்படித்தான் வரும்.

இந்த இரண்டு வழிகளையும் ஒன்றாக இணைத்தவர் ரவிவர்மா. தெய்வத்தை முதல் வழியிலிருந்து எடுத்துக்கொண்டார். வெளிச்சத்தை இரண்டாவது வழியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஆனால் அந்த இரண்டாவது வழியை அவருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை!

மூடிய கதவு

1862-ம் ஆண்டு. பதினாலு வயதுப் பையனை மாமா திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். அப்போது ஆண்டவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. கலை ரசிகர். பையனின் படங்களைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. திருவனந்தபுரத்திலேயே தங்கி வரையச் சொன்னார். அரண்மனையில் இருந்த இத்தாலியப் படப் புத்தகங்களும் பையனுக்குக் கிடைத்தன.

அரண்மனைச் சித்திரக்காரராக அப்போது இருந்தவர் மதுரை ராமசாமி நாயக்கர். எண்ணெய்ச் சாய வித்தை அந்தச் சமஸ்தானத்தில் அவருக்குத்தான் தெரியும். எந்த வர்ணத்தோடு எதைக் கலப்பது, எவ்வளவு எண்ணெய் விடுவது, எந்தத் தூரிகை எதற்கு, எல்லாம் அவர் கைக்குள் இருந்தது. ரவிவர்மா போய்க் கேட்டார். நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார்.

நாயக்கரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அந்தக் காலத்தில் வித்தைதான் சோறு. சித்திரக்காரருக்குச் சர்க்கார் சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை. மகாராஜாவின் தயவு ஒன்றுதான் உண்டு. அந்தத் தயவைப் பங்கு போட ராஜ குடும்பத்துச் சொந்தக்காரப் பையனே வந்து நிற்கிறான். அதுவும் தன்னைவிடக் கெட்டிக்காரனாகத் தெரிகிறான். எந்த வித்வானுக்குத்தான் மனசு திறக்கும்?

கதவு மூடியது. ஆனால் ஜன்னல் ஒன்று திறந்தது. நாயக்கரின் சீடர்களில் ஆறுமுகம் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். அவர் குருவுக்குத் தெரியாமல், இரவு நேரத்தில் ரவிவர்மாவிடம் வந்து, எண்ணெய்ச் சாயம் கலக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆறுமுகம் பிள்ளை ஏன் அப்படிச் செய்தார்? பணத்துக்காகவா, பையனின் ஆவலைப் பார்த்து மனம் இளகியா? யாரும் எழுதி வைக்கவில்லை. பெரிய மனிதர்களின் சரித்திரத்தில் இப்படி ஓர் ஓரத்தில் வந்து, விளக்கை ஏற்றிவிட்டுப் போய்விடுகிற ஆட்கள் உண்டு.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் படத்தை எழுதத் திருவனந்தபுரம் வந்தார். இனிக் கவலை இல்லை என்று ரவிவர்மா நினைத்தார். மகாராஜாவே சிபாரிசு செய்தார். ஆனால் அந்தத் துரையும் கற்றுத்தர முன்வரவில்லை! தான் வரையும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும், அதுவும் அரை மனதோடு, சம்மதித்தார்.

அது போதும் என்று ஆயிற்று. பகலில் துரையின் கை எப்படிப் போகிறது என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் அதையே தானும் செய்து பார்ப்பார். தப்பு வரும். அழிப்பார். மறுபடி போடுவார். இப்படிப் பார்த்துப் பார்த்தே கற்றவர், நாலைந்து ஆண்டுகளில் அந்தக் கலையில் தேறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடில் பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இவர் பார்த்தது படத்தை அல்ல, கையை.

இதற்கு நடுவே 1866-ல் மாவேலிக்கரை ராஜ குடும்பத்துப் பெண் பாகீரதி பாயோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிற்காலத்தில் கணவர் ஊர் ஊராகப் போய் வரைந்துகொண்டிருந்தபோது, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர் இந்த அம்மாள்தான். 1891-ல் காலமாகிவிட்டார்.

காசு வாங்கலாமா?

ரவிவர்மாவுக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருந்தது. ராஜ குடும்பத்தோடு சம்பந்தம் உள்ளவர்கள் பொழுதுபோக்காகப் படம் வரையலாம், தவறில்லை. ஆனால் படம் எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குவதா? கௌரவம் என்ன ஆவது?

1870-ல் அவர் கொல்லூர் மூகாம்பிகை கோவிலுக்குப் போய் நாற்பத்தொரு நாள் விரதம் இருந்தார். திரும்பி வந்தவர் துணிந்து முடிவு செய்துவிட்டார். கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தைப் படமாக எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினார். சித்திரமே தொழில் என்று ஆயிற்று.

அதன் பிறகு 1873-ம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சி. கண்ணாடியைப் பார்த்துக் கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண் ஒருத்தியின் படத்தை ரவிவர்மா அனுப்பினார். வெள்ளைக்கார ஓவியர்களின் படங்களும் அங்கே இருந்தன. கவர்னரின் தங்கப் பதக்கம் கிளிமானூர்க்காரருக்குக் கிடைத்தது! அதே படம் கடல் கடந்து ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குப் போய் அங்கும் பரிசு பெற்றது.

அடுத்து நரம்பு வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தியை வரைந்தார். அதற்கும் சென்னையில் பரிசு. 1875-ல் இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்து இளவரசருக்குத் திருவிதாங்கூர் மகாராஜா கொடுத்த வெகுமதிகளில் அந்தப் படமும் ஒன்று. அதற்கு மறு ஆண்டு, தாமரை இலையில் துஷ்யந்தனுக்குக் காதல் கடிதம் எழுதும் சகுந்தலையைத் தீட்டினார். சென்னைக் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபு அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். மோனியர் வில்லியம்ஸ் என்ற இங்கிலாந்து சமஸ்கிருதப் பண்டிதர் தம்முடைய சாகுந்தல மொழிபெயர்ப்புப் புத்தகத்தில் முகப்புப் படமாக அதைச் சேர்த்தார்.

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர், பரோடா கெய்க்வார், மைசூர் மகாராஜா என்று அழைப்பு மேல் அழைப்பு. தம்பி ராஜராஜ வர்மா கூடவே போனார். அண்ணன் ஆளை எழுதுவார். பின்னால் வரும் மலையையும் மரத்தையும் பல படங்களில் தம்பி எழுதுவார். போன இடம், பார்த்த ஆள், பட்ட சிரமம் எல்லாவற்றையும் தம்பி டைரியில் குறித்து வைத்தார். அந்த டைரி இல்லாவிட்டால் அண்ணனின் வாழ்க்கையில் பாதி இன்று தெரியாமல் போயிருக்கும்.

திரௌபதி என்ன சேலை கட்டினாள்?

1888-ல் பரோடா மகாராஜா, தம் அரண்மனைக்கு ராமாயண, பாரதக் கதைகளிலிருந்து பதினாலு படங்கள் வேண்டும் என்றார். ரவிவர்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சீதை எப்படி உடுத்தியிருப்பாள்? திரௌபதி என்ன சேலை கட்டியிருப்பாள்? சீதை மிதிலைக்காரி, திரௌபதி பாஞ்சாலத்துக்காரி. மலையாளத்து முண்டு உடுத்தி அவர்களை எழுத முடியுமா?

அண்ணனும் தம்பியும் வடநாடு முழுவதும் சுற்றினார்கள். பழைய சிற்பங்களைப் பார்த்தார்கள், ஜனங்களின் நடை உடையைப் பார்த்தார்கள். நாட்டுக்கெல்லாம் பொதுவான ஓர் உடை கிடைக்கவில்லை. கடைசியில் ரவிவர்மா சேலையையே தேர்ந்தெடுத்தார். புராணப் பெண்கள் மேலெல்லாம் சேலையை அழகாக மடித்துப் போர்த்தினார். இன்று பள்ளி நாடகத்தில் சீதையாக வரும் சிறுமிக்கு ஜரிகைச் சேலை கட்டுகிறார்களே, அந்தப் பழக்கத்தில் ரவிவர்மாவுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பதினாலு படங்களும் பரோடாவுக்குப் போகுமுன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஜனங்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். அதற்கு முன் எண்ணெய்ச் சாயப் படத்தை ஏழைகள் எங்கே பார்த்தார்கள்? அரண்மனை தர்பாரில் தொங்குவதைக் காவல்காரனைத் தாண்டிப் போய்ப் பார்க்க முடியுமா?

1893-ல் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் அனுப்பினார். பதக்கங்கள் வந்தன. விவேகானந்தர் அதே ஆண்டு அதே நகரில்தான் சொற்பொழிவு ஆற்றினார். பத்தில் ஒன்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பா வருகிறார் என்று காட்டும் தாயின் படம். காலடியில் நாய் நிற்கும். அப்பா படத்தில் இல்லை! பார்ப்பவர்களே அவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். அந்தத் தாய், ரவிவர்மாவின் சொந்த மகள் மகாபிரபா. குழந்தை, பேரன்.

கல்லில் எழுதிய படம்

ஒரு படம் எழுத வாரக் கணக்கில் ஆகும். எழுதியது ஒரே ஓர் அரண்மனைக்குப் போய்விடும். எத்தனை பேர் கேட்டாலும் கை இரண்டுதானே? கும்பகோணத்துக்காரரான சர் டி. மாதவராவ், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர், இதற்கு ஒரு வழி சொல்லி எழுதினார். சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அச்சிட்டு வாங்கினால் நாட்டுக்கே உபகாரமாக இருக்கும் என்பது அவர் யோசனை. ரவிவர்மா அதற்கு மேலே ஒரு படி போனார். அச்சகத்தையே இங்கே கொண்டுவந்தார்!

1894-ல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் பிறந்தது. ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்களும் வந்தார்கள். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் ஜனனம்.

அந்த அச்சு வேலை ஒரு வேடிக்கையானது. எழுத்துக் கோத்து அச்சிடுவது போல அல்ல. வழவழப்பான ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லின் மேல், பிசுக்குள்ள மைக்குச்சியால் படத்தை எழுதுவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது அடுப்படியில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். பிசுக்கு உள்ள இடத்தில் தண்ணீர் நிற்காது. மற்ற இடம் ஈரமாக இருக்கும். அதன் மேல் எண்ணெய் மையை உருட்டினால், மை ஈரத்தில் ஒட்டாது. எழுதிய இடத்தில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் விழுந்துவிடும்.

இது ஒரு வர்ணத்துக்கு. மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே காகிதம் எல்லாக் கற்களின் மேலும் போய் வர வேண்டும். ஒரு கல்லில் காகிதம் மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்!

படங்கள் நாடெங்கும் பரவின. லட்சுமி, சரஸ்வதி, கங்கையைத் தலையில் தாங்கும் சிவன், அன்னத்தோடு பேசும் தமயந்தி. வீட்டுப் பெண்கள் லட்சுமியின் சேலை மேல் நிஜ ஜரிகை தைத்தார்கள், பாசிமணி கோத்தார்கள். தஞ்சாவூர்ப் படத்துத் தங்கம் இப்படி வேறு வழியாக வந்து சேர்ந்தது.

இதில் ஒரு பெரிய சமாசாரம் அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் எத்தனையோ ஜாதியாருக்குக் கோவிலுக்குள் இடம் இல்லை. கர்ப்பக்கிருகத்துச் சாமியைத் தூரத்திலிருந்து கூடப் பார்க்க முடியாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் வீட்டு மண் சுவரிலும் ரவிவர்மாவின் லட்சுமி வந்து நின்றாள். எதிரே விளக்கு வைத்துக் கும்பிட யாரும் தடை சொல்ல முடியாது. பிற்காலத்தில், 1936 நவம்பர் 12-ந் தேதி, திருவிதாங்கூர்க் கோவில்களை எல்லா ஜாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டு உத்தரவு போட்டார் சித்திரைத் திருநாள் மகாராஜா. அவர் யார் தெரியுமா? ரவிவர்மாவின் பேத்தி சேது பார்வதி பாயின் மகன். அந்த உத்தரவுக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே கொள்ளுத் தாத்தாவின் அச்சகம் சாமியை வெளியே அனுப்பிவிட்டது.

கடனும் கண்ணீரும்

படங்கள் பரவின; பணம் சேரவில்லை. வியாபாரம் வேறு, சித்திரம் வேறு. அண்ணன் தம்பி இருவருக்கும் கணக்குப் புத்தகம் கைவரவில்லை. கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். வேலைக்கு ஆள் இல்லை. அச்சகத்தை லோனாவாலாவுக்குப் பக்கத்தில் உள்ள மளவ்லிக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் கடன் துரத்திற்று. 1901-ல், அங்கே வேலை பார்த்த ஜெர்மானிய நிபுணர் பிரிட்ஸ் ஷ்லைக்கருக்கே அச்சகத்தை விற்றுவிட நேர்ந்தது.

அச்சகம் கைமாறியது, பெயர் மாறவில்லை. ரவிவர்மா படம் என்று தொடர்ந்து வந்தன. மற்றவர்கள் வரைந்த படங்களும் அங்கே அச்சாயின. ஆகவே ரவிவர்மா அச்சகத்துப் படம் எல்லாம் ரவிவர்மா எழுதியதே என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர், படம் நகர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டு 1913-ல் ராஜா ஹரிச்சந்திராவை எடுத்தார். அவர்தான் தாதா சாகிப் பால்கே, இந்திய சினிமாவின் தந்தை.

1904-ல் சர்க்கார் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்தப் பத்திரத்தில் பெயருக்கு முன்னால் ராஜா என்று இருந்தது, அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1905 ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா இறந்துபோனார். இருபத்தைந்து வருஷம் நிழல் போல் கூட வந்தவர், பன்னிரண்டு வயது இளையவர், முந்திக்கொண்டார். ரவிவர்மாவுக்கோ நீரிழிவு. அந்த உடம்போடு மைசூர் அரண்மனைக்கு ஒப்புக்கொண்ட புராணப் படங்களில் ஈடுபட்டிருந்தார். பின்னால் மலையும் மரமும் எழுத இப்போது தம்பி இல்லை. 1906 அக்டோபர் 2-ந் தேதி ரவிவர்மாவின் ஆவி பிரிந்தது. வயது ஐம்பத்தெட்டு.

இரண்டு கட்சி

அவர் மறைந்த பிறகு கண்டனம் பலமாகக் கிளம்பியது. இது இந்தியக் கலையே அல்ல, வெள்ளைக்காரன் பாணிக்குச் சேலை கட்டிவிட்டிருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். கொழும்பில் பிறந்த தமிழர் மகனான ஆனந்த குமாரசாமி அவர்களில் முக்கியமானவர். தெய்வங்கள் நாடக மேடை ஆட்களைப் போல இருக்கின்றன என்பது அவர் கட்சி. வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் முதலியோர் அஜந்தாவையும் மொகலாயச் சிறு சித்திரங்களையும் பார்த்து வேறு பாதை வகுத்தார்கள்.

கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சோழர் காலத்து நடராஜரைப் பார்த்துவிட்டு ரவிவர்மாவின் சிவனைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நடராஜர் மனிதரைப் போல இருக்க முயலவில்லை. ரவிவர்மாவின் தெய்வங்களோ அடுத்த வீட்டு அக்காள், அத்தை போல இருக்கிறார்கள். ஆனால் அதனால்தான் ஜனங்கள் அவர்களை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். பண்டிதர்களின் தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது. பூஜை அறை ரவிவர்மாவிடம் இருந்தது.

அந்த மரபு தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் துளிர்த்தது. சென்னைக் கலைப்பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு, 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர், அங்கே இருந்துகொண்டு தம் சீடர்களோடு சாமி படங்களை எழுதிக் குவித்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டர் ஆக்கின. மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்கு இனாமாகக் கொடுத்த காலண்டரில் எத்தனை லட்சம் வீடுகள் லட்சுமியைப் பெற்றனவோ!

மளவ்லி அச்சகம் 1972-ல் தீப்பிடித்தது. ஏராளமான படங்கள் சாம்பலாயின. ஏழு வருஷம் கழித்து, 1979-ல், ரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வம் என்று இந்திய சர்க்கார் அறிவித்தது. அசல் படம் ஒன்றுகூட இனி நாட்டை விட்டு வெளியே போக முடியாது.

அசல் படங்கள் பரோடா, மைசூர், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் உண்டு. வடலூர், நெய்வேலிப் பள்ளிப் பிள்ளைகள் சென்னைக்குச் சுற்றுலா போகும்போது மிருகக்காட்சிச் சாலையும் கடற்கரையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். ரவிவர்மாவின் அசல் படம் பார்வைக்கு இருந்தால், அதன் முன் ஐந்து நிமிஷம் பிள்ளைகளை நிறுத்த வேண்டும். முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பிறகு கழுத்து முத்துமாலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கிட்டத்தில் முத்து இராது. சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பும் அதன் மேல் வெள்ளையாக ஒரு பொட்டும்தான் இருக்கும். நாலு அடி பின்னால் வந்தால் அதுவே முத்தாகப் பளபளக்கும். ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்த வித்தை அதுதான்.

அதுவரைக்கும் படக் கடை இருக்கிறது. தைப்பூசக் கூட்டத்தில் ஒரு தாய் சரஸ்வதி படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். பெண் இந்த வருஷம் பரீட்சை எழுதப்போகிறாள். விலை பேசியாகிறது. கடைக்காரர் படத்தைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, பெண்ணின் கையில் கொடுக்கிறார். பஸ்ஸில் கூட்டம் நெரிக்கிறது. கசங்காமல் இருக்க அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள்.